பரவினவா? பரப்பினோமா?

ஒரு கட்டுரையின் நேர்மையை அதன் வினைச்சொற்களைக் கொண்டே அளந்துவிடலாம். 'குடம் உருண்டது' என்று மாணவன் சொன்னால், 'உருண்டதா, உருட்டினாயா?' என்று கேட்பது ஆசிரியர் வழக்கம். தன்வினை, பிறவினைப் பாடத்தின் உயிர்நிலை அக்கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு செயல் நிகழ்ந்தது என்று அறிவதோடு அமையாமல், அதனை நிகழ்த்தியவர் யார் என்றும் கேட்கத் தூண்டுவது நம் இலக்கணம்.

அயல்நாட்டுச் செடிகொடிகள் மலேசியாவின் காடுகளிலும் ஆறுகளிலும் தோட்டங்களிலும் பெருகிவருவதைப் பற்றித் தமிழில் இப்போது கட்டுரைகள் வெளிவருகின்றன. மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் இப்பொருள் இடம்பெறுகிறது. இயற்கையின்பால் மக்களுக்கு அக்கறை பிறக்க வேண்டும் என்னும் அவற்றின் நோக்கம் போற்றத்தக்கதே. ஆயின் அவற்றின் நடை கவலை தருகிறது. 'அந்நியச் செடிகள் படையெடுத்தன', 'காட்டை ஆக்கிரமித்தன', 'வந்தேறிச் செடிகள் மண்ணின் செடிகளை விரட்டின' என்ற போக்கிலேயே வாக்கியங்கள் அமைகின்றன. எழுவாய் எப்போதும் செடிதான். செடியைக் கப்பலேற்றிய கை, விதையை வாரி இறைத்த கை, காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்ட கை எதுவும் வாக்கியத்துக்குள் வருவதில்லை. இதனை வெறும் நடைக்குறை என்று தள்ளிவிட இயலாது. உண்மையே இதனால் திரிந்துவிடுகிறது. ஆதலின் சற்று விரிவாக ஆராய்வோம்.

போர்ச்சொற்கள் வந்த வழி

இவ்வகைச் சொற்கள் தமிழில் தாமே முளைத்தவை அல்ல. சார்லஸ் எல்டன் என்னும் ஆங்கில விலங்கியல் அறிஞர், 1957ஆம் ஆண்டு வானொலியில் நிகழ்த்திய பேச்சுகளை விரித்து, விலங்குகளும் செடிகளும் அயல் நிலங்களில் நுழைந்து பெருகுவதைப் பற்றி 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. படையெடுப்பு என்று பொருள்படும் சொல் அதன் பெயரிலேயே இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. போர்க்காலத்தில் உணவுப் பொருள்களை எலிகளிடமிருந்து காக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் எல்டன். அவருக்கு அச்சொல் இயல்பாக வந்ததில் வியப்பில்லை. எனினும் அவர் தம் நூலில் மனிதனை மறைக்கவில்லை. கப்பலும் வாணிகமும் உயிர்களை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுசென்ற வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாற்றைக் கைவிட்டவர்கள் பின்வந்தோரே.

அச்சொல் தமிழுக்கு வரும்போது இன்னும் சூடேறிவிட்டது. 'அந்நிய' என்னும் அடைமொழி நமக்கு அந்நிய ஆட்சியை நினைவூட்டுவது. 'வந்தேறி' என்பதோ மனிதர் மனிதர்மீது எறியும் வசைச்சொல். அறிவியல் கருத்து ஒன்றைச் சொல்லவந்த கட்டுரை, எழுதியவர் அறியாமலே அரசியல் மேடையின் குரலைப் பெற்றுவிடுகிறது.

அயற்செடிக்கு நம் முன்னோர் பெயரிட்ட முறை வேறு. அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்குத் தாம் நெடுநாள் அறிந்த மிளகின் பெயரைச் சேர்த்து மிளகாய் என்றனர். அன்னாசி, பப்பாளி, கொய்யா ஆகியவற்றின் அயற்பெயர்களைத் தமிழ் நாவுக்கு இசைவித்துக்கொண்டனர். தோல்நோய்க்கு மருந்தாகும் அமெரிக்கச் செடி சீமை அகத்தி ஆயிற்று. பறங்கியர் பெயரால் ஒரு காய் பறங்கிக்காய் ஆயிற்று. மலாய்க்காரரும், அமெரிக்காவிலிருந்து வந்த முள்சீத்தாவை 'டுரியான் பெலாண்டா', அதாவது ஒல்லாந்தர் டுரியான், என்றே அழைத்தனர். இப்பெயர்களில் வருகைக் குறிப்பு உண்டு, வசை இல்லை.

ஆயினும் பெயரை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை எனப்பட்டது, பூப்போல் விரிந்த இலைகளோடு நீரில் மிதக்கும் ஒரு சிறு செடி. இன்று பலர் அப்பெயரால் குறிப்பது, ஊதாப் பூ மலரும் தென்னமெரிக்கச் செடியை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இன்னொரு செடி வெப்ப அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. ஆங்கிலேயரோ அதனைச் 'சயாம் களை' என்றனர். மலாயில் அதற்கு விமானச் செடி என்னும் பொருளில் 'போக்கோக் கப்பால் தெர்பாங்' என்று பெயர். பிறந்த இடத்தைப் பிழையாகச் சொல்லி அண்டை நாட்டின்மேல் பழியேற்றும் பெயரும் உலகில் உண்டு என்பதற்கு அது சான்று.

செடிக்குக் கால் இல்லை

ரப்பர் மரம் வந்த கதையைத் தோட்டத்துப் பிள்ளைகள் நன்கு அறிவர். 1876இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனில் உள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் சீவும் முறையை வகுத்து, நடுமாறு தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தினார். ஆப்பிரிக்காவின் செம்பனையோ 1848இல் சாவகத்தின் போகோர் பூங்காவில் நான்கு கன்றுகளாக நடப்பட்டது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிகப் பயிராயிற்று. இன்று மலேசியாவில் செம்பனை நிற்கும் நிலம் 50 இலட்சம் எக்டருக்கும் மேல்.

அயற்செடி நிலத்தைக் கைப்பற்றுவதே குற்றம் என்றால், முதலில் கூண்டில் ஏறவேண்டியது செம்பனையே. ஆயின் அதனைப் 'படையெடுத்த செடி' என்று எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. 'அறிமுகப்படுத்தப்பட்ட பயிர்' என்றே எழுதுகின்றனர். பணம் தந்த செடி என்றால் அதனைக் கொண்டுவந்தவர் பெயரும் ஆண்டும் துலங்குகின்றன. தொல்லை தந்த செடி என்றால் அது தானே வந்ததாகிவிடுகிறது. இந்த ஓரவஞ்சனையைத்தான் நாம் சுட்டுகிறோம்.

தொல்லை தரும் செடிகளின் வரலாற்றையும் பார்ப்போம். இளங்கன்றுகளின்மேல் ஏறி மூடிக்கொள்ளும் மிக்கானியாக் கொடியைத் தோட்டங்களில் வெளிக்காட்டு வேலை பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்துக் கொடி அது. 1949இல் பரகுவேயிலிருந்து போகோர் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1950களில் ரப்பர் மரங்களினிடையே மண்ணை மூடும் கொடியாக நடப்பட்டது. வெறுமண் மழையில் கரையாமல் காக்கவே அதனைத் தேடிக் கொணர்ந்தனர். விரைந்து படரும் இயல்பே அதற்குத் தகுதியாக அன்று கருதப்பட்டது. வேலி கடந்ததும் அதே தகுதி குற்றமாயிற்று.

நீர்நிலைகளை அடைக்கும் ஊதாப்பூ ஆகாயத்தாமரையும் 1894இல் போகோர் பூங்காவுக்கு வந்துசேர்ந்ததே. பூவின் அழகுக்காகக் கொண்டுவந்தனர். பின்னர்ப் பன்றித் தீவனத்துக்காகவும் குளங்களில் வளர்த்தனர். மலாயில் 'செமாலு காஜா' எனப்படும் யானைத் தொட்டாற்சுருங்கி, நம் பிள்ளைகள் விரலால் தொட்டு விளையாடும் சிறு தொட்டாற்சுருங்கியின் பெரிய உறவு. இரண்டுமே அமெரிக்காவைச் சேர்ந்தவை. பெரியது 1980களிலிருந்து தீபகற்ப மலேசியாவில் தொல்லையாயிற்று. அதன் காய் துண்டு துண்டாக உடையும். மயிரடர்ந்த அத்துண்டுகள் நீரில் மிதந்து செல்லும். ஆயின் வெள்ளம் எட்டாத சாலையோரங்களிலும் கட்டுமான இடங்களிலும் அது முளைத்தது எவ்வாறு? ஆற்றுமணலை ஏற்றிவந்த லாரிகள் அதன் விதையையும் ஏற்றிவந்தன.

'பரவு' என்பது தன்வினை. 'பரப்பு' என்பது பிறவினை. இவ்வரலாறுகளைச் சொல்லுமிடத்தில் பிறவினையே பொருந்தும் என்பது வெள்ளிடைமலை.

பாசோக் காடு கற்பிக்கும் பாடம்

'மனிதன் விதையைப் பரப்பினான். அதன்பின் காட்டுக்குள் நுழைந்தது செடியின் வேலைதானே?' என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை நெகிரி செம்பிலானில் உள்ள பாசோக் காட்டில் இருக்கிறது. 1980களில் அங்கே 50 எக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள சிறு மரம் முதற்கொண்டு எண்ணிடும் பெரும்பணியை ஆய்வாளர் தொடங்கினர். அதனால் அக்காட்டின் வரலாறு உலகறிந்ததாயிற்று.

வெட்டப்படாத மழைக்காட்டின் அடியில் வெயில் மிகக் குறைவு. வெயில் விரும்பும் அயற்செடிகள் அங்கே வாழமாட்டா என்பது நெடுநாள் கருத்து. பெருமளவுக்கு அது மெய்யே. சிங்கப்பூரில் எஞ்சியுள்ள மழைக்காட்டுத் துண்டுகளை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த கட்டுரையும், அவை அயற்செடிகளுக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை என்றே கண்டது. ஆனால் மலாயில் 'செண்டுடோக் பூலு' எனப்படும் அமெரிக்கப் புதர் ஒன்று பாசோக் காட்டினுள்ளேயே வேரூன்றியிருப்பதை 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு அறிவித்தது. பெருமரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த இடங்களிலும், காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறிய இடங்களிலும் அது முளைத்திருந்தது.

பன்றிகள் அவ்வளவு பெருகியது ஏன்? காட்டைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். உதிர்ந்த பழங்கள் பன்றிக்குத் தீராத உணவு. அதனைக் கொன்று தின்னும் புலியோ அருகிப்போயிற்று. வயிறார உண்ட பன்றிகள் குட்டி ஈனக் காட்டுக்குள் திரும்பின; இளமரங்களை ஆயிரக்கணக்கில் ஒடித்துக் குவித்துப் படுக்கை அமைத்தன. 24 ஆண்டுகளில் இளமரங்களின் செறிவு 62 விழுக்காடு குறைந்தது என்று 2017இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

இங்கே குற்றவாளி யார் என்று வாசகர் கருதிப் பார்க்கவேண்டும். செம்பனை அயல்நாட்டு மரம். ஆனால் அது காட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. பன்றி இந்த மண்ணிலேயே பிறந்த விலங்கு. இளமரத்தை ஒடித்தது அதுதான். அமெரிக்கப் புதரோ கிளறிய மண் கிடைத்த பின்னரே முளைத்தது. காட்டின் விளிம்புவரை ஒரே பயிரை நட முடிவுசெய்தவர் மனிதர். அயல், உள்ளூர் என்னும் இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு இந்நிகழ்ச்சியை விளக்க முடியாது. 'அந்நியச் செடி காட்டை அழித்தது' என்று எழுதினால் பாசோவில் நடந்ததில் பாதிகூட வெளிவராது.

பிறப்பும் செயலும்

அறிஞர் உலகிலும் இவ்வழக்கு நடந்திருக்கிறது. 2011இல் மார்க் டேவிஸ் என்பாரும் மற்றும் 18 அறிஞரும் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில், உயிரினங்களைப் பிறந்த இடங்கொண்டு மதிப்பிடலாகாது, அவை விளைக்கும் பயனையும் தீங்கையும் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று எழுதினர். அதே ஆண்டில் அவ்விதழிலேயே 141 அறிஞர் மறுப்புரைத்தனர். அயலினங்களைக் கண்மூடி வெறுப்பவர் துறையறிஞருள் இல்லை என்பதும், புதிதாக வந்த இனம் பல ஆண்டுகள் அமைதியாக இருந்து பின்னர்த் திடீரெனப் பெருகுதல் உண்டு என்பதும், தீங்கு கண்கூடான பிறகு களையப் புகுந்தால் காலம் கடந்துவிடும் என்பதும் அவர்தம் வாதம்.

இருதரப்பிலும் உண்மை உண்டு. 2023இல் பல்லுயிர் பற்றிய அரசுகளிடைக் குழு வெளியிட்ட அறிக்கை, மனிதச் செயலால் இடம்பெயர்ந்த இனங்கள் 37,000க்கு மேல் எனவும், அவற்றுள் தீங்கு செய்வன 3,500க்கு மேல் எனவும் கணக்கிட்டது. செடிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இடம்பெயர்ந்தவற்றுள் 6 விழுக்காடே தீங்கு செய்வன. எண்ணிக்கையில் அவை 1,061. நூற்றுக்கு ஆறு என்பதால் மற்றத் தொண்ணூற்று நான்கைப் பழிப்பது அறமன்று. அந்த ஆறு எவை என்று முன்கூட்டித் தெரியாமையால் விழிப்பின்றி இருப்பதும் அறிவன்று. ஆகவே பிறந்த இடம் நம்மை விழிப்பாயிருக்கச் சொல்லும். தீர்ப்பு வழங்கச் செயலைப் பார்க்கவேண்டும்.

தமிழாசிரியருக்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பே. மரமும் பூவும் புள்ளும் நிலத்துக்குரிய கருப்பொருள்கள் என வகுத்த அந்நூல், ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் இயையாமல் வேறு நிலத்தில் வந்து தோன்றினால், வந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ளப்படும் என்று அகத்திணையியலில் விதி செய்தது. நிலந்தோறும் எல்லை வகுத்தவரே எல்லை கடந்து வந்ததற்கும் இடம் வைத்தார் என்பது எண்ணி இன்புறத்தக்கது. ஆயின் அது செய்யுளுக்கு உரிய விதி. அதைக்கொண்டு தொல்காப்பியர் தாவரப் பரவலை அன்றே ஆராய்ந்தார் என்று மேடையில் முழங்குவது அவருக்குப் பெருமை சேர்க்காது.

போர்ச்சொல்லின் விலை

சொல் எதுவாயினும் களை எடுத்தால் போதாதா என்பர் சிலர். போதாது. பகைவன் என்று பெயரிட்டபின் கை ஆயுதத்தைத் தேடும். மலாயாத் தோட்டங்களின் பெரும்பகையாகக் கருதப்பட்ட லாலான் புல் இந்நாட்டுக்குரியதே. காட்டை எரித்து வெறுமையாக்கிய நிலத்தில் அது செழித்தது. அதனைக் கொல்ல ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சைத் தெளித்தனர். பின்னர் வந்தது பாராகுவாட். அதன் தீமை கருதி 2002இல் அரசு கட்டுப்பாடு விதித்தது. 2006இல் அதனைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. அந்த இடைக்காலமெல்லாம் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து தெளித்தவர்களுள் நம் பெண்கள் எத்தனை பேர் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் அறிவர். நகம் கறுத்து விழுந்ததும், கண் எரிந்ததும், மூக்கில் குருதி வடிந்ததும் அவர்கள் கண்ட பயன். களைக்கு எதிரான போர் என்று எழுதுவது எளிது. அப்போரில் முன்வரிசையில் நின்றவரையும் எழுதவேண்டாவா?

வகுப்பறைக்கு வேண்டுவன

குறைகூறுவதோடு நிற்பது திறனாய்வின் முழுப்பணி ஆகாது. மாணவர்க்கு எளிதில் விளங்கும் மூன்று சொற்களை இங்கே முன்மொழிகிறோம். மனிதரால் கொண்டுவரப்பட்டது 'அயற்செடி'. தானே விதை தந்து தலைமுறை தலைமுறையாக வாழக் கற்றது 'நிலைகொண்ட செடி'. பெருகிப் பிறவற்றை வாழவிடாமல் செய்வது 'ஒடுக்கும் செடி'. மரவள்ளி அயற்செடி, ஒடுக்கும் செடி அன்று. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் அரிசியின்றித் தவித்த மக்களுக்குச் சோறாயிருந்தது தென்னமெரிக்காவின் அக்கிழங்கே. தொட்டாற்சுருங்கி நிலைகொண்ட செடி. மிக்கானியா ஒடுக்கும் செடி. இம்மூன்றையும் 'அந்நியச் செடி' என்னும் ஒரே சாக்கில் கட்டினால் மாணவர் எதனையும் அறியமாட்டார்.

செடியைப் பற்றி எழுதும் மாணவரிடம் மூன்று வினாக்களுக்கு விடை கேட்போம். இது எங்கிருந்து வந்தது? யார், எதற்காகக் கொண்டுவந்தனர்? இங்கே என்ன செய்கிறது? முதல் வினாவோடு நின்றுவிடும் கட்டுரை வெறுப்பில் போய் முடியும். மூன்றுக்கும் விடை தேடுபவர் வரலாறும் அறிவியலும் ஒருங்கே கற்பர்.

இதில் நமக்குத் தனிப்பொறுப்பு ஒன்றும் உண்டு. ரப்பர் மரத்தோடு சேர்ந்து இந்நாட்டுக்கு வருவிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நம் பள்ளிகளில் படிக்கின்றனர். ஒப்பந்தமுறை 1910இல் முடிந்தது. கங்காணி முறையில் ஆள்சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அவ்வரலாற்றை எழுதும் நூல்களும் 'வந்தனர், குடியேறினர்' என்றே பெரும்பாலும் எழுதுகின்றன, வருவித்தவர் மறைந்துபோகின்றனர். மனிதரைச் செடியோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. அறிவும் உரிமையும் உடைய மனிதர் எவ்வகையிலும் களையாகார். அந்த ஒப்புமை தவறானது என்பதனாலேயே அதற்கு வழி திறக்கும் சொற்களை விலக்கவேண்டும் என்கிறோம். செடியைப் பார்த்து 'வந்தேறி, விரட்டு' என்று எழுதிப் பழகிய பிள்ளை, நாளை அதே சொல்லை மனிதர்மீது எறியவும் தயங்காது. அதே சொல் தன்மீது எறியப்படும்போது அதனை எதிர்க்கவும் அறியாது.

மிக்கானியாவை வெட்டத்தான் வேண்டும். ஆகாயத்தாமரையை வாரத்தான் வேண்டும். புதிய அயலினங்கள் நுழைந்து நிலைகொள்ளும் வேகத்தை 2030க்குள் பாதியேனும் குறைப்பதென்று 2022இல் உலக நாடுகள் உடன்பட்டன. அவ்வுடன்பாடு நிறைவேற, துறைமுகத்திலும் நாற்றங்காலிலும் மணல் லாரியிலும் மனிதர் செய்வதைக் கண்காணிக்கவேண்டும். செடியின்மேல் மட்டும் பழிசுமத்தும் கட்டுரை இவ்விடங்களையெல்லாம் மாணவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஆதலின் அடுத்தமுறை இத்தகைய கட்டுரையைத் திருத்த நேரும் ஆசிரிய நண்பர்கள், 'பரவியது' என்னும் சொல்லின்கீழ்ச் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு, 'பரப்பியவர் யார்?' என்று ஓரத்தில் எழுதுவார்களாக.